கேட்டைத் தாண்டறதுக்குள்ள கூப்புடுவாங்க

கேட்டதக் குடுத்துட்டீங்களா? நாலு லட்சத்து இருபதும்? ஒரு ரூபா கொறைக்காம?

உக்காருங்ணா, மொதல்ல உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. பேர் மாத்தற ஃபாரம் ரெண்டுலயும் வண்டிய வித்த பட்டாபிராமன் சார் கையெழுத்துப் போட்டுட்டாரு, சரியா இருக்குது. இன்சூரன்ஸ் இருக்குது. பொகை சர்டிபிகேட் இருக்குது. ஆதார்ல குடுத்த ஃபோன் இதுதானுங்களே? ஓடிபி அதுக்குத்தான் வரும், வந்தா சொல்லுங்க. வண்டி வாங்கி மூணு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க, லேட் ஃபைன் விழும், அது வேற. எங்க மொதலாளி ஆர்டிஓ ஆபீசுக்குள்ள போயிருக்காரு, வர மதியம் ஆயிரும். நான் டைப் பண்ணிட்டே பேசுவேன், தப்பா எடுத்துக்காதீங்க. நமக்கு வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்கு கை.

நாலு இருபது. கேக்கவே எனக்கு எரியுதுங்ணா, நெசமா.

ஏன்னா இந்த வண்டிய எனக்குத் தெரியும். ஆர்.சி.ய நீட்டினீங்க பாருங்க, 3140, அப்பவே தெரிஞ்சு போச்சு. மாசி மாசம் இதே வண்டிய மகாலிங்கபுரத்துல பட்டாபிராமன் சார் வீட்டு வாசல்ல வச்சுப் பாத்தேன், ஓட்டியும் பாத்தேன். எங்க அக்கா வீட்டுக்காக. பாத்துட்டு விட்டுட்டு வந்தவன் நான்தான்.

பயந்துக்காதீங்க, வண்டியில கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. அந்தக் கதைய நீங்க கேக்கணும். கேட்டா உங்களுக்கே தெரியும், இந்த ஊர்ல கார் வாங்கறதுங்கறது எவ்வளவு கருமம் புடிச்ச வேலைன்னு.

எங்க அக்கா சுகந்தியக் கோமங்கலத்துல குடுத்திருக்குது. மச்சான் மோகனசுந்தரம், நார் மில்லுல சூப்ரவைசர். அவங்கம்மா மயிலாத்தா, எனக்கு அத்தை மொற. போன ஆடியில அத்தைக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். பொள்ளாச்சியில எடம் இல்லைன்னுட்டாங்க, கோயமுத்தூர்லதான் கெடச்சுச்சு, அதுவும் காலைல ஏழு மணிக்கு. கோமங்கலத்துல இருந்து பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து உக்கடத்துக்கு ஒரு பஸ், உக்கடத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ். போறப்பக்கூடப் பரவால்ல. வர்றப்பதான். நாலு மணி நேரம் ரத்தத்த வெளிய எடுத்து அலசி உள்ள விட்டு அனுப்பறாங்க, அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு மூணு பஸ் மாறணும். அக்கா ஒரு கையில புடிச்சுக்கும், ஒரு கையில பை.

அதனால ஒரு கார் வேணும். அவ்வளவுதான் விசயம். அக்காவே ஓட்டறேன்னு சொல்லி இருபது நாள் டிரைவிங் ஸ்கூல் போயி லைசன்ஸ் எடுத்துட்டா. அந்த ஸ்கூலப் பத்திப் பேசுனா நான் அசிங்கமாப் பேசிருவேன். கிளச்சு மேல இருந்து கால எடுக்கச் சொல்லியே குடுக்கலைங்ணா. எறக்கத்துல நியூட்ரல் போட்டுட்டு வரச் சொல்றான், பெட்ரோல் மிச்சமாமா. இவனெல்லாம் வாத்தியாரு.

மச்சான் என்னக் கூப்புட்டுச் சொன்னாரு, கிரி, வண்டி பத்தி உனக்குத்தான் தெரியும், நீயே பாத்து ஒண்ணு எடுத்துக் குடுன்னு. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல. நாலாப்பு படிக்கறப்ப இருந்து வண்டிப் பைத்தியம் நான். சத்தத்த வச்சே எந்த வண்டி வருதுன்னு சொல்லுவேன். கொங்கு வீல்ஸ்னு ஃபேஸ்புக்ல ஒரு குரூப் இருக்குதுங்ணா, மூவாயிரம் பேரு, அதுல நான் அட்மின். இந்தா, இப்பக்கூட ஒருத்தன் கேட்டிருக்கான் பாருங்க, டீசல் எடுக்கலாமா பெட்ரோல் எடுக்கலாமான்னு. ஒரு நிமிசம். ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர்னு சொல்லாம இந்தக் கேள்விய என்கிட்டக் கேக்காத, சென்ட். இப்படித்தான் கேப்பானுங்க. மாப்ளை ஆளு எப்படின்னு கேட்டா வீட்டுக் கலரச் சொல்ற மாதிரி.

உங்களுக்கு எவ்வளவு ஓட்டம்? தெனமும் ஈச்சனாரிக் காலேஜ், போக வர எழுவது. அப்ப டீசல் சரிதான். தெரியாமயே சரியா எடுத்திருக்கீங்க.

ஓடிபி வந்துச்சுங்களா? வரலையா. வரும்.

ஆவணியில மொத மொதல்ல புது வண்டிதான் பாத்தோம். ஷோரூம் பேரு சொல்ல மாட்டேன், நமக்கு வேலை குடுக்கறவங்க. நான், மச்சான், அக்கா, அத்தை நாலு பேரும் போனோம். அத்தை எதுக்குன்னு நான் கேட்டேன், ஏறி எறங்க முடியுதான்னு பாக்கணும்னு அக்கா சொன்னா. சரின்னு விட்டுட்டேன். செவப்புக் கலர்ல ஒரு வண்டி நிக்குது. அங்க வேலை செய்யற ஒரு பொண்ணு வெலைப் பட்டியலக் கொண்டாந்து குடுக்குது. நான் படிக்கறேன். ஹேண்டிலிங் சார்ஜாமா. வண்டிய நான் வந்து எடுத்துட்டுப் போறேன், நீ எதைடா ஹேண்டில் பண்ணுன. அப்பறம் கட்டாய கிட்டு. மிதியடி, சேத்துப் பட்டை, சீட்டு ஒறை, சாமி பொம்மை வைக்க ஒரு ஸ்டாண்டு. இருவத்தெட்டாயிரம். அந்த மிதியடி இங்க மார்க்கெட் ரோட்டுல எண்ணூறு ரூபா.

நான் மேனேஜரக் கூப்புடச் சொன்னேன். வண்டிய பில்லுப் போடறதுக்கு முன்னாடி யார்டுல வச்சு நான் செக் பண்ணணும்னேன். எங்க குரூப்ல தொண்ணூத்திரெண்டு பாயிண்ட் போட்டு ஒரு லிஸ்ட்டே வச்சிருக்கோம். டயர் எந்த வாரம் செஞ்சது, பேட்டரி எந்த மாசம், கதவுச் சந்து எத்தன மில்லி, எல்லாம். அந்த மேனேஜர் சிரிக்கறாரு, தம்பி கார் வாங்க வந்தீங்களா ரெய்டுக்கு வந்தீங்களான்னு. வந்துச்சு பாருங்க எனக்கு. வெலைப் பட்டியல அங்கயே போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டேன். பத்து நிமிசத்துல நானூறு பேரு திட்டியிருக்கான். ஒவ்வொண்ணா அவருக்கு வாசிச்சுக் காட்டுனேன். தயவு செஞ்சு வேற எங்கயாச்சும் பாத்துக்கங்கன்னு கும்புட்டு அனுப்பிட்டாரு.

இதெல்லாம் நடக்கறப்ப அத்தை அங்க சோபாவுல உக்காந்திருந்தாங்க. காபி கொண்டாந்து குடுத்திருக்காங்க. அத்தைக்கு ஒரு நாளைக்கு தண்ணி, காபி எல்லாம் சேந்து அர லிட்டருக்கு மேல ஆகாது. மோந்து பாத்துட்டு வச்சிட்டாங்க. வெளிய வர்றப்பச் சொல்றாங்க, அந்தச் செவப்பு வண்டி ஏறி எறங்கத் தோதாத்தான் இருந்துச்சு கண்ணுன்னு. அது மோதல் டெஸ்ட்டுல ரெண்டு ஸ்டார் அத்தைன்னு சொன்னேன். புரிஞ்சுக்கறாங்களா. ஸ்டாரா, எங்கன்னு திரும்பிப் பாக்கறாங்க.

அதுக்கப்பறம் ஐப்பசி. தீவாளி நேரத்துல வெலை கொறைக்க மாட்டான். கார்த்திகையில எடுக்கலாம்னா நான் பாத்து வச்ச வண்டி புது மூஞ்சியோட வருதுன்னு நியூஸ் வந்துருச்சு. புதுசு வர்றப்பப் பழசு எடுக்கறது முட்டாள்தனம், ரெண்டு வருசத்துல வித்தா ஒரு லட்சம் அடி வாங்கும். மார்கழியில தள்ளுபடி போடுவான், எவனும் எடுக்க மாட்டான்ல. ஆனா மார்கழியில எடுத்தா அது போன வருச வண்டி ஆயிரும். சரி தையில எடுக்கலாம்னா தையில எல்லாக் கம்பெனிக்காரனும் ஒண்ணாச் சேந்து வெலைய ஏத்திட்டானுங்க. பாத்துக்கங்க. மனுசன் என்னைக்குத்தான் வண்டி எடுக்கறது? திட்டம் போட்டு ஏமாத்தறானுங்ணா.

அக்கா ஒரு நாள் கத்துனா. ஆடி கடைசியில ஆரம்பிச்சு எழுவத்தெட்டு தடவ பஸ்ல கூட்டிட்டுப் போயிட்டேன்டான்னு. எழுவத்தெட்டுன்னு எண்ணி வச்சிருக்கா பாருங்க. நான் அதுக்குள்ள எத்தன வண்டி பாத்திருக்கேன்னு அவ எண்ணுனாளா? முப்பத்தொண்ணு. ஞாயித்துக்கெழமை ஒண்ணு எனக்கு மிச்சமில்ல.

வந்துச்சா? சொல்லுங்க. நாலு, ஏழு, ஏழு... அப்பறம்? ரெண்டு, ஒம்பது, ஒண்ணு. போட்டாச்சு. என்னங்க இது, நேரம் முடிஞ்சு போச்சுங்குது. வந்து எவ்வளவு நேரம் ஆச்சு? அஞ்சு நிமிசம் முன்னாடியே வந்துருச்சா, சொல்லியிருக்கலாமுல்ல? நான் பேசிட்டு இருந்தேனா. சரி, இந்த சைட்டே இப்படித்தான், கேவலமான சைட்டு. திரும்ப அனுப்பறேன்.

மாசியில இந்த 3140 வந்துச்சு. கையில நாலரை இருந்துச்சு, ரெண்டாங்கை போதும்னு மச்சான் முடிவு பண்ணிட்டாரு. பட்டாபிராமன் சார் பேங்க்ல இருந்து ரிடயர் ஆனவரு, ஒத்த ஓனர், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டம், சர்வீஸ் பில்லு எல்லாம் ஃபைல் போட்டு வச்சிருக்காரு. இப்படி ஒரு வண்டி அஞ்சேகாலுக்குக் கொறஞ்சு வராதுங்ணா. ஏன் நாலு இருபதுன்னா, கூட்டிப் பாருங்க. மூணும் ஒண்ணும் நாலு, நாலும் நாலும் எட்டு. நம்மூர்ல எட்டுன்னா தொட மாட்டான், சனி நம்பரு. மூணு பேரு வந்து நம்பரப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. எனக்கு அதுதான் வேணும். எட்டாம் நம்பர் வண்டியாத் தேடிப் புடிச்சு எடுக்கணும்னு குரூப்ல நான் பத்து தடவ எழுதியிருக்கேன். நீங்களும் அதத் தெரிஞ்சுதான் எடுத்தீங்களா? இல்ல, கவனிக்கவே இல்லையா. சரிதான்.

மச்சானுக்குப் பயம், அம்மா எட்டுன்னா ஒத்துக்காதுன்னு. நோயாளி வேற. யாரு சொல்றதுன்னு அக்காவும் அவரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. நான் பட்டுனு போட்டு ஒடச்சுட்டேன், அத்தை, இதக் கூட்டுனா எட்டு வரும், உங்களுக்கு ஓகேயான்னு. அத்தை என்ன சொன்னாங்க தெரியுங்களா?

"எனக்கு இனிமேல் சனி வந்து புதுசா என்ன கண்ணு பண்ணப் போறாரு. வண்டியக் கொண்டா."

அப்படி ஒரு ஆளுங்ணா. எனக்கு அன்னைக்கு அத்தைய ரொம்பப் புடிச்சுப் போச்சு.

டெஸ்ட் டிரைவ் போனோம். நான் ஓட்டறேன், பட்டாபிராமன் சார் பக்கத்துல, பின்னாடி மூணு பேரும். நாலாவது கியர்ல நாப்பதுல போட்டு மிதிச்சேன், திணறல் இல்ல. கோயமுத்தூர் ரோட்டுல ஏறி நூத்திப் பத்து தொட்டேன், ஸ்டியரிங் ஆட்டமே இல்ல. எண்பதுல வந்து பிரேக்க ஒரே மிதி மிதிச்சேன், நேரா நிக்குது, இடது வலது இழுக்கல. அத்தைதான் முன் சீட்டுல லேசா இடிச்சுக்கிட்டாங்க. பெல்ட் போடுங்கன்னு கெளம்பறப்பவே சொன்னேன், ஊசி குத்தற கையில அழுத்துதுன்னு போட மாட்டேன்னுட்டாங்க. பின்னாடி உக்காந்தா பெல்ட் வேண்டாம்னு நெனைக்கறது நம்ம நாட்டோட வியாதி. அக்கா என்ன ஒரு பார்வை பாத்தா. செக் பண்ணாம எப்படி வாங்கறது, சொல்லுங்க?

திரும்பி வீட்டு வாசல்ல வந்து நிறுத்துனோம். எல்லாரும் எறங்கிட்டாங்க. அத்தை மட்டும் எறங்கல. பைய மடியில வச்சுக்கிட்டு, தலையப் பின்னாடி சாச்சு, கண்ண மூடி உக்காந்துட்டாங்க. அன்னைக்குக் காலைலதான் டயாலிசிஸ் முடிஞ்சு வந்திருந்தாங்க.

நான் அதுக்குள்ள பெயிண்ட் மீட்டர எடுத்துட்டேன். குட்டியா ஒரு மிசினு, கதவு மேல வச்சா பெயிண்ட் எவ்வளவு தடிப்புன்னு காட்டும். ஆன்லைன்ல வாங்குனேன், எங்க ஊர்லயே என்கிட்ட மட்டும்தான் இருக்குது. எல்லாப் பக்கமும் நூத்திப் பத்து, நூத்திப் பதினஞ்சு. வலது பின் கதவுல வச்சா எரநூத்தி நாப்பது. சார், இது திரும்பப் பெயிண்ட் அடிச்சிருக்குதுன்னேன். ஆமாப்பா, ரெண்டு வருசம் முன்னாடி கேட்டுல ஒரசிட்டேன், பில்லு ஃபைல்ல இருக்குதுன்னாரு. எனக்கும் தெரியும், கேட்டு ஒரசுனதுதான். அடி வாங்குன வண்டின்னா உள் தகட்டுல தெரியும், கீல்ல தெரியும். ஒண்ணுமில்ல. வண்டி தங்கம்.

அப்பறம் ஏன் விட்டேன்னுதானே கேக்கறீங்க? இங்கதாங்ணா வாங்கத் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம்.

வண்டி புடிச்சிருந்தா மூஞ்சியில காட்டக் கூடாது. ஒரு கொறையப் புடிக்கணும். புடிச்சுட்டு மூஞ்சியச் சுளிக்கணும். இது ஆக்சிடெண்ட் வண்டி சார், நாலுக்கு மேல தர மாட்டேன்னு சொல்லணும். அவரு முடியாதும்பாரு. அப்ப நன்றி சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம நடக்கணும். கேட்டைத் தாண்டறதுக்குள்ள கூப்புடுவாங்க. முப்பத்தொரு வண்டி பாத்திருக்கேன், இருவது பேராவது பின்னாடியே ஓடி வந்திருக்காங்க. ஆனா எல்லாரும் நடக்கணும். வீட்டாளுங்கள்ல ஒருத்தர் வண்டிக்குள்ள சொகமா உக்காந்துட்டு இருந்தா எவன் நம்புவான்?

அதனால நான் பின் கதவத் தொறந்து, அத்தை எறங்குங்கன்னேன்.

அத்தை கண்ணத் தொறந்து, "இதுல சாஞ்சா தலை நிக்குது கண்ணு"ன்னாங்க. அது எல்லா வண்டியிலயும் இருக்கும் அத்தை, நீங்க எறங்குங்கன்னு சொன்னேன். ஒரு நிமிசம் இருக்கறேன்னாங்க. ஒரு நிமிசம்னா எல்லாம் கெட்டுப் போயிருமுங்ணா, சூடு ஆறிப் போயிரும். கையப் புடிச்சு எறக்கிட்டேன். ஊசி குத்தாத கையத்தான் புடிச்சேன், அதெல்லாம் எனக்குத் தெரியும்.

நாலு பேரும் நடந்தோம். கேட்டுகிட்ட வந்தாச்சு. கூப்புடல. நான் செருப்ப மாட்டற மாதிரி குனிஞ்சு கொஞ்ச நேரம் எடுத்தேன். கூப்புடல. வெளிய வந்துட்டோம். பட்டாபிராமன் சார் பின்னாடியே நடந்து வர்றாரு, சரி, வழிக்கு வந்துட்டாருன்னு நெனச்சேன். வந்து, பரவால்ல தம்பி, அந்தம்மாவப் பாத்துக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டுக் கேட்டைச் சாத்திட்டாரு.

இப்படி ஒரு ஆளப் பாத்திருக்கீங்களா? வியாபாரம்னா ஒரு மொற இருக்குதுல்ல? நான் சொல்ற வெலைக்கு நீ ஒரு வெலை சொல்லணும். ரிடயர்டு ஆளு, பொழுது போகலை, வித்தாலும் சரி விக்கலைன்னாலும் சரி. இந்த மாதிரி ஆளுங்ககிட்ட ரெண்டாங்கை வண்டியே வாங்கக் கூடாதுங்ணா.

தெரு முக்குல ஒரு டீக்கடை. அங்க நின்னோம். ஃபோன் வரும்னு நான் சொன்னேன். முக்கா மணி நேரம் நின்னோம். அத்தைக்கு உக்கார பெஞ்சு இல்ல, அக்கா தோளுல சாஞ்சுக்கிட்டு நின்னாங்க. மச்சான் நடுவுல சொன்னாரு, கிரி, இருவதாயிரந்தானே, நான் போயிக் குடுத்துட்டு வர்றேனேன்னு. இதுதாங்ணா, இதுதான் நான் சொல்றது. இப்பப் போயி நின்னா நம்ம மானம் என்னாவறது? அடுத்து எந்த வண்டிக்காவது நான் வாயத் தொறக்க முடியுமா? நாளைக்கு அவரே கூப்புடுவாருன்னு சொல்லி பஸ் ஏத்திவிட்டேன்.

நாலு நாள் பொறுத்தேன். அஞ்சாவது நாள் நானே கூப்புட்டு நாலு பத்துன்னேன். யாரோ ஒரு காலேஜ் வாத்தியாருக்குக் குடுத்துட்டேன்னாரு. பேரம் பேசவே இல்ல தம்பி, நேரா வந்தாரு, காச வச்சாருன்னு சொல்றாரு, அதுல ஒரு பெருமை வேற.

அதான் உங்களப் பாத்ததும் எனக்கு அப்படி வந்துச்சு. கோச்சுக்காதீங்க. ஆனா உங்கள மாதிரி ஆளுங்களாலதான் மார்க்கெட்டே நாறுது. கேட்டதக் குடுக்கறது, சிரிச்சுக்கிட்டே சாவிய வாங்கறது, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுப் போயிட்டே இருக்கறது. அப்பறம் எங்கள மாதிரி தெரிஞ்சவன் போயி நின்னா எவன் மதிப்பான்?

பங்குனியில அத்தை உக்கடம் பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டாங்க. படியில இருந்து எறங்கறப்பக் கண்ணு இருட்டியிருக்குது. நெத்தியில ஆறு தையல். ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில. கார் வாங்க வச்சிருந்ததுல பாதி அதுக்கே போயிருச்சு. நான் போயிப் பாத்தேன். பஸ்சோட படி தரையில இருந்து எவ்வளவு ஒசரம் இருக்குதுன்னு தெரியுங்களா? அத எவனாச்சும் கேக்கறானா? அதப் பத்தி அங்கயே ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து குரூப்ல ஒரு பெரிய பதிவே போட்டேன். அக்கா வெளிய வந்து என் ஃபோனப் பாத்தா. பாத்துட்டு மெதுவாத்தான் சொன்னா.

"இனி நீ வண்டி பாக்க வேண்டாம் கிரி. எதுவுமே பாக்க வேண்டாம்."

நானா விழ வெச்சேன்? பஸ்ல போகச் சொன்னது நானா? சொல்லுங்க. எட்டு மாசம் ஒரு ஞாயிறு மிச்சமில்லாம அலைஞ்சவனுக்கு இதுதான் மரியாதை. சரி, கோவத்துல பேசறாள்னு விட்டுட்டேன். அதுக்கப்பறமும் நல்ல வண்டியாப் பாத்துப் பாத்து பதினோரு லிங்க் அனுப்பியிருக்கேன். எல்லாம் ஒத்த டிக்கோட நிக்குது. கோமங்கலத்துல நெட்டு சரியில்லையாட்ட இருக்குது.

இப்ப எதுல போறாங்கன்னு கேளுங்க. கேளுங்ணா, கேட்டா நீங்களே காறித் துப்புவீங்க. குட்டியானையில. ஆமாங்க, லோடு அடிக்கற குட்டியானை. அதே தெருவுல மாகாளின்னு ஒரு ஆளு, தெனம் விடிகாலைல இளநி ஏத்திக்கிட்டு கோயமுத்தூர் போவாரு. முன்னாடி அவரு பக்கத்துல அத்தை, பின்னாடி முந்நூறு இளநி. அத்தைக்கு அதுல ஒரு மடக்கு குடிக்கக் கூடாது, குடிச்சா நெஞ்சு நின்னுரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுட்டு, இளநிய வித்துட்டு, மதியம் திரும்பி வர்றப்ப ஏத்திட்டு வர்றாராமா.

எனக்குத் தாங்கல. போன வாரம் விடிகாலைல நாலு மணிக்கே எங்கம்மா ஸ்கூட்டர எடுத்துட்டுப் போயிட்டேன், நேர்ல பாத்துச் சொல்லலாம்னு. அக்கா வெளிய வரல, சமையல் வேலையாட்ட இருக்குது. டார்ச் அடிச்சு அந்த வண்டியப் பாத்தேன். ச்சீ. நாலு டயரும் மொட்டை. வைப்பரக் கயித்துல கட்டியிருக்குது. ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல, முன்னாடி முட்டுனா காலுதான் பம்பர். இதுல அந்தாளு காலைல அஞ்சு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கிட்டு ஹைபீம்ல ஓட்டறாரு. நான் ஒவ்வொண்ணா அத்தைகிட்ட எடுத்துச் சொல்றேன். அந்தம்மா ஏறி உக்காந்து பைய மடியில வச்சுக்கிட்டு நான் சொல்றத முழுசாக் கேட்டாங்க. கேட்டுட்டு,

"நீ சொல்றது சரிதான் கண்ணு. ஆனா இது வருதுல்ல"ன்னாங்க.

வருதுல்லன்னா? இதென்னங்ணா பேச்சு. வண்டின்னா வரத்தானே செய்யும். வர்றதெல்லாம் நல்ல வண்டியா? மாகாளி ஆரன அடிச்சுட்டுக் கெளப்பிட்டாரு. பொகைய எம் மூஞ்சியில விட்டுட்டுப் போகுது, கரும்பொகை, பொகை சர்டிபிகேட் எவன் குடுத்தான்னு தெரியல. எங்க ஆபீஸ்லதான் குடுத்திருப்பாங்க, அது வேற கதை.

இப்ப ஓடிபி வந்துருச்சா? சொல்லுங்க. ஆறு, பூஜ்யம், மூணு... ம்... எட்டு, எட்டு, அஞ்சு. போயிருச்சு. சேசிஸ் நம்பர் கடைசி அஞ்சும் சரி. இந்தாங்க ரசீது. அவ்வளவுதான், இனி வண்டி உங்க பேருல. பதினஞ்சு நாள்ல தபால்ல வரும்.

என்கிட்ட என்ன வண்டியா? நான் இன்னும் எடுக்கலைங்ணா. அவசரப்படக் கூடாது.

என்ன சொல்றீங்க? எந்தெந்த நாளா? அத்தை போற நாளா. வாரத்துல மூணு நாளுங்க. இல்ல, எந்த மூணு நாளுன்னு... திங்க, புதன், வெள்ளின்னு நெனைக்கறேன். இல்லீங்க, நான் போனது சனிக்கெழமை, அன்னைக்குத்தான் ஏறுனாங்க. அப்ப செவ்வா, வியாழன், சனியா இருக்கணும். சரியாத் தெரியலைங்ணா. ஏன் கேக்கறீங்க?

ஓ. கோமங்கலம் வந்து நீங்களே கூட்டிட்டுப் போறீங்களா? ஈச்சனாரியில இருந்து ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டருங்க, நீங்க உள்ள போயிட்டுத் திரும்பணும். காலேஜ் ஒம்பதரைக்குத்தானா. பின் சீட்டு சும்மாத்தான் போகுதா.

வர்றப்ப? வர்றப்ப அந்தக் குட்டியானையே இருக்கட்டுமா. சரிங்க. சரி. போறப்பவாவது.

ஆனா பின்னாடி பெல்ட் போடச் சொல்லிருங்க. டயர்ல காத்து முப்பத்திமூணு வைங்க. அப்பறம் பிரேக்க... இல்ல, நீங்க மெதுவாத்தான் ஓட்டுவீங்க, பாத்தாலே தெரியுது.

அக்காகிட்டக் கேட்டாத்தான் நாளு தெரியும். என் ஃபோன்ல இருந்து போட்டா லைனே கெடைக்கறதில்லைங்ணா, ரெண்டு மாசமா. அந்தப் பக்கம் டவரு இல்ல, அதான். நீங்க வேணா போட்டுப் பாருங்க. நம்பர் சொல்றேன். ஒம்பது, நாலு, எட்டு, ஏழு... இந்தாங்க, நீங்களே பாத்துப் போடுங்க.

போகாதுங்ணா. எனக்குத் தெரியும், டவரு...

ரிங் போகுதா?

ஒரே அடியில போயிருச்சா.

எடுத்துட்டாளா. இல்ல, எம் பேரச் சொல்லாதீங்க. 3140 வாங்குனவருன்னு மட்டும் சொல்லுங்க. பேசுங்ணா. நான் ஒண்ணும் பேசல.